வடக்குச் சுவரில் வெயில் விழுமா? டெல்டாவில் கட்டட மென்பொருள் படிப்பவர்களுக்கு

போன வருடம் வைகாசியில் மயிலாடுதுறையிலிருந்து ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் வீட்டுக்கு பிளான், எலிவேஷன் எல்லாம் எங்கள் ஆபீஸில் போட்டதுதான். “சார், வடக்குப் பக்கம் வெயிலே படாது, சன்ஷேடு வேண்டாம்னு சொன்னீங்க. இங்க சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல் வழியா வெயில் உள்ள வந்து கட்டில் கால்ல விழுது. காலையிலயும் அப்படித்தான்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

அந்த வீட்டின் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் செய்த மாடல். அதைச் செய்த தம்பி கெட்டிக்காரன், நிழல் எப்படி விழுகிறது என்று ஓட்டிப் பார்த்துத்தான் சன்ஷேடை எடுத்திருக்கிறான். மாதம் மே, மணி நாலு, வடக்குத் திசை எல்லாம் சரியாக இருந்தது. திரையில் வடக்குச் சுவர் முழுக்க நிழல். ஆனால் இடம் என்ற கட்டத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் என்ற ஊர் இருந்தது. அந்த மென்பொருளை முதலில் உருவாக்கிய கம்பெனி இருந்த ஊர் அது. நாம் நம் ஊரை உள்ளே கொடுக்காதவரை ஸ்கெட்ச்அப்புக்குச் சூரியன் போல்டரில்தான் உதிக்கும், போல்டரில்தான் மறையும்.

போல்டர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 40 பாகையில். மயிலாடுதுறை 11 பாகையில். போல்டரில் வருடம் முழுக்க உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், மே மாதம் நாலு மணிக்குக்கூட அங்கே வடக்குச் சுவரில் வெயில் படாது. நம்மூரில் அப்படி இல்லை. ஏப்ரல் மூன்றாவது வாரம் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே தாண்டிப் போய்விடும், திரும்பி உச்சிக்கு வர ஆகஸ்ட் கடைசி வாரம் ஆகும். அந்த நாலு மாதமும் வடக்குச் சுவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் தின்னும். கத்திரி வெயில் அதற்குள்தான் வருகிறது. பழைய ஓட்டு வீடுகளில் நாலு பக்கமும் தாழ்வாரம் இறக்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தம்பிக்கும் அவன் பாட்டி வீட்டுத் தாழ்வாரம் தெரியும். ஆனால் திரையில் நிழல் காட்டியது, அவன் திரையை நம்பினான், நானும் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பினேன்.

நான் இங்கே சொல்ல வருவது இதைத்தான்: கட்டட மென்பொருளில் நாம் போடும் கோட்டைவிட, நாம் தொடாமல் விடும் கட்டம் அதிகத் தவறு செய்கிறது. நம் பகுதியில் நடக்கும் பயிற்சி எல்லாம் கோடு போடக் கற்றுக்கொடுக்கிறது, அந்தக் கட்டங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. 1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தபோது அது டிராயிங் போர்டுக்குப் பதிலாக வந்த ஒரு கருவி, அவ்வளவுதான். கோடு என்றால் கோடு. சுவர் எத்தனை இன்ச் என்று நீங்கள்தான் முடிவு செய்து இரண்டு கோடு போட வேண்டும், மென்பொருளுக்கு அது சுவர் என்றே தெரியாது. 2000-ல் ரெவிட் வந்தது, 2002-ல் ஆட்டோகேட் கம்பெனியான ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. இந்த வகையை ‘பிம்’ என்கிறோம். இங்கே நீங்கள் கோடு போடுவதில்லை, சுவரையே வைக்கிறீர்கள். அந்தச் சுவருக்குத் தடிமன் உண்டு, பொருள் உண்டு, உயரம் உண்டு, அதிலிருந்து எஸ்டிமேட்டும் வரும். நல்ல விஷயம்தான், ஒரு ஜன்னலை நகர்த்தினால் பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றிலும் அதுவே நகரும். ஆனால் சுவரோடு சேர்த்து அதற்குள் இருக்கும் எண்களையும் நாம் எடுத்துக்கொள்கிறோம், அந்த எண்களை எழுதியவர் நம்மூர்க்காரர் இல்லை.

ரெவிட்டின் மெட்ரிக் டெம்ப்ளேட்டில் சுவர் கட்டளையைத் தட்டியதும் பெரும்பாலும் வருவது 200 மில்லிமீட்டர் பொதுச் சுவர். நம் கொத்தனார் கட்டுவது ஒன்பது இன்ச் சுவர், அதாவது சுமார் 230. முப்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நூறு சதுர மீட்டர் சுவருக்குக் கணக்குப் போடுங்கள்: மாடல் 20 கன மீட்டர் என்று சொல்லும், உண்மையில் 23. ஆயிரம் செங்கலுக்கு மேல் எஸ்டிமேட்டில் விட்டுப்போகும், அதற்கான சிமென்டும் மணலும் தனி. அறையின் உள்ளளவும் அப்படியே தப்பும். பத்தடி என்று சொன்ன அறையில் கட்டிலும் பீரோவும் போட்டபிறகு கதவு முழுசாகத் திறக்கவில்லை என்றால் வீட்டுக்காரர் மேஸ்திரியைத்தான் திட்டுவார்.

இது பணக்கணக்கு, சமாளித்துவிடலாம். கம்பிக்கணக்கு அப்படி இல்லை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருபது வருடம்கூட ஆகாத வீடுகளின் சன்ஷேடு அடியில் பாருங்கள். முதலில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். பிறகு அந்தக் கோட்டை ஒட்டி விரிசல். பிறகு ஒரு நாள் பூச்சோடு சேர்ந்து கான்கிரீட் பொரிந்து விழும், உள்ளே கம்பி இலை இலையாக உரிந்து நிற்கும். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டைத்தான் கவர் என்கிறோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456:2000 இதற்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது (இந்த மாதிரித் தரவிதிகளைத்தான் நாங்கள் கோடு, ஆங்கிலத்தில் code, என்போம்). பாதிப்பு மிகக் குறைந்த (மைல்டு) சூழலுக்கு 20 மில்லிமீட்டர் கவர், கடலோரச் சூழலை அது கடுமையானது என்று வகைப்படுத்தி 45 கேட்கிறது, கான்கிரீட்டின் பலத் தரம் எம் 30-க்குக் குறையக் கூடாது என்கிறது. கடல்நீர் தெறிக்கும் இடம் என்றால் 50 மில்லிமீட்டர், எம் 35.

கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஸ்டாட் புரோ மென்பொருளில் இந்திய கோடின்படி டிசைன் செய்யும்போது கவரை நீங்கள் குறிப்பிடாவிட்டால் பீமுக்கு 25, காலத்துக்கு, அதாவது தூணுக்கு, 40 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். தஞ்சாவூரில் வீட்டுக்குள் இருக்கும் பீமுக்கு அது போதும். வேதாரண்யத்துக்குப் போதாது. ஆனால் ரிசல்ட் பக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் பாஸ் என்று வரும். வீடு எந்த ஊரில் நிற்கிறது என்று அது ஒருமுறைகூடக் கேட்பதில்லை. நீங்களே 45 என்று தட்டச்சு செய்தால்தான் உண்டு, செய்தபிறகு சைட்டில் 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. பல இடங்களில் இன்னமும் ஒரு ஜல்லியை முட்டுக் கொடுத்து கம்பியைத் தூக்கி வைக்கிறார்கள், கான்கிரீட் கொட்டும்போது அது சரிந்துவிடுகிறது. கலக்கும் தண்ணீரிலும் இதே கதைதான்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது அதே கோடு. கடலோரத்தில் பல போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதற்கு மென்பொருளில் கட்டமே கிடையாது.

காற்றுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காற்றுக்கான கோடு ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, 2015-ல் திருத்தியது. அதன் கடைசியில் ஊர்வாரியாகக் காற்று வேகப் பட்டியல் இருக்கிறது, திருச்சிக்கு நொடிக்கு 47 மீட்டர், சென்னைக்கு 50. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் படிக்கிற பிள்ளைகள் பட்டியலில் கிட்டத்தில் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், நாகப்பட்டினத்து வீட்டுக்குத் திருச்சி. செய்ய வேண்டியது அதே கோடில் உள்ள வரைபடத்தை எடுத்து மனை எந்தப் பட்டையில் விழுகிறது என்று பார்ப்பது. இன்னொன்று, 2015 திருத்தத்தில் கே4 என்று ஒரு பெருக்கும் எண் வந்தது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் உள்வரை இது பொருந்தும், டெல்டாவில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். சாதாரண வீட்டுக்கு 1.0 தான், தொழிற்கூடத்துக்கு 1.15, புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய ஆஸ்பத்திரி, புயல் பாதுகாப்பு மையம் போன்றவற்றுக்கு 1.30. ஒன்று என்று இருக்கும் கட்டத்தை மாற்றாமல் விட்டால், ஊரே ஒதுங்க வரும் கட்டடமும் ஒரு வீட்டின் பலத்தில்தான் நிற்கும்.

50 மீட்டர் வேகத்தை அந்தக் கோடின் சூத்திரத்தில் போட்டால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தம் வருகிறது, சுமார் 150 கிலோ. மொட்டை மாடியில் நாம் போடும் தகர ஷீட் ஒரு சதுர மீட்டர் ஐந்து கிலோ இருந்தாலே அதிகம். கஜாவில் ஷீட்டுகள் காகிதம் மாதிரிப் பறந்ததற்கு இந்த இரண்டு எண்ணும் போதும். அப்புறம் ஒன்று, அந்த ஷீட் கொட்டகை எந்த மாடலிலும் இருப்பதே இல்லை, வீடு முடிந்து ஒரு வருடம் கழித்து வெல்டர் வந்து நாலு பைப்பை நட்டுவிட்டுப் போவார். டிசைன் செய்யும்போதே “மேல ஷீட் போடுவீங்களா?” என்று கேட்டு, ஆமாம் என்றால் அதற்கான பிளேட்டையும் போல்ட்டையும் ரூஃப் கான்கிரீட்டோடு புதைத்துவிடுவது என் பழக்கம்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். தூணின் அடியில் அசையாத தாங்குதலை வைத்துவிட்டு மென்பொருள் கணக்குப் போடுகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசியில் ஊதி, திரும்பத் தையில் சுருங்கும் களிமண்ணில் எதுவும் அசையாமல் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு எத்தனை அடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டினார்கள் என்று கேட்டு முடிவு செய்வது மண் பரிசோதனை ஆகாது. மட்டமும் அப்படித்தான், மாடலில் தரை எப்போதும் பூஜ்யம், ஆனால் தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு ஏறிக்கொண்டே போகிறது, வீடு பள்ளத்துக்குப் போகிறது. செயற்கைக்கோள் உயரத் தகவலை இறக்கி மட்டம் பார்க்கலாம் என்று சில பயிற்சி வீடியோக்களில் சொல்கிறார்கள். மலைப்பகுதிக்கு அது உதவும். இலவசமாகக் கிடைக்கும் அந்தத் தகவலில் சில மீட்டர் பிழை சாதாரணம், நம் ஊர்களில் பல, கடல்மட்டத்துக்கு மேலே சில மீட்டரில்தான் இருக்கின்றன. இங்கே தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம்தான் நம்பகமான கருவி.

சரி, பயிற்சி ஏன் இப்படி இருக்கிறது? கட்டட மென்பொருள் சொல்லித்தரும் கேட் (CAD) சென்டர்களைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அங்கே சேரும் பிள்ளைகளில் பலர் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், பாதிப்பேர் வீட்டில் யாராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அனுமதி வரைபடத்தை பிம் மாடலாகவே கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பிரிட்டனில் 2016-ல் மத்திய அரசின் கட்டடப் பணிகளுக்கு இதே மாதிரி வந்தது. ஆக, ரெவிட் தெரிந்தால் வேலை. அந்த வேலையில் டிசைன் முடிவை எடுப்பவர் வேறு யாரோ, இவர்கள் மாடல் செய்து கொடுப்பவர்கள். அதற்குக் கட்டளைகள் வேகமாக வந்தால் போதும், சென்டர் அதைக் கற்றுக்கொடுக்கிறது, நாலு மாதத்தில் சான்றிதழ் தருகிறது. அதே பிள்ளை ஊருக்குத் திரும்பிவந்து, அல்லது போகாமலே இருந்து, சித்தப்பா வீட்டுக்குப் பிளான் போடும்போது முடிவெடுக்க வேண்டியவன் அவனே ஆகிறான். அதற்கு யாரும் அவனைத் தயார் செய்யவில்லை.

இப்போது அந்தப் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். டெல்டாவில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். மக்களுக்கு அலைச்சல் மிச்சம், நான் வரவேற்கிறேன். ஆனால் வரைபடத்தை முன்கூட்டி இன்னொரு கண் பார்ப்பது போய்விட்டது.

எங்கள் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் கம்ப்யூட்டர் கிடையாது. டேப்பைக் கொடுத்து அவரவர் வீட்டை அளந்துவரச் சொல்வேன். சுவர்த் தடிமன், ஜன்னல் அடிமட்டம், படி உயரம், ரோட்டிலிருந்து பேஸ்மென்ட் எத்தனை அடி, மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும், எந்த அறையில் மத்தியானம் படுக்க முடியாது என்று எல்லாம். இரண்டாவது வாரம் அந்த வீட்டை மாடல் செய்ய வேண்டும். தனக்குத் தெரிந்த வீடாக இருப்பதால் மாடல் பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘இங்க சாயங்காலம் வெயில் வருமே, இதுல ஏன் வரல?’ என்று ஒரு பெண் தானாகவே கேட்டு, இடத்தை மாற்ற வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்தாள். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு பதிந்திருக்காது.

பிறகு கைக்கணக்கு. ஸ்டாடோ, அதே மாதிரிப் பலக் கணக்குப் போடும் ஈடாப்ஸோ எதுவானாலும், ஓட்டுவதற்கு முன்னால் கட்டடத்தின் மொத்த எடையைக் காகிதத்தில் போட வேண்டும். ஆயிரம் சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். ஐந்து இன்ச் ரூஃப், கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன், ஆக ரூஃப் மட்டும் 290 கிலோநியூட்டன், ஏறக்குறைய 30 டன். அதோடு சுவர், பீம், காலம், பூச்சு, ஆள் நடமாட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மென்பொருள் அடித்தளத்தில் காட்டும் மொத்தம் இதற்குக் கிட்டத்தில் வரவேண்டும். பாதியாக வந்தால் பெரும்பாலும் சொந்த எடையைச் சேர்க்கச் சொல்ல மறந்திருப்பார்கள், ஸ்டாடில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும். கூடுதலாக வந்தால் ஈடாப்ஸில் சுவர்ச் சுமைக்குப் போட்ட வரியிலும் சொந்த எடைக்கு ஒன்று என்று கொடுத்து, அதையே இரண்டு தடவை எண்ணியிருப்பார்கள். இந்த இரண்டையும் செய்யாத பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை. இது திறமைக் குறைவு இல்லை, யாரும் முன்னால் சொல்லித்தரவில்லை.

மென்பொருள் வாங்கும் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டோடெஸ்க் 2016-லேயே ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமத்தை விற்பதை நிறுத்திவிட்டது, இப்போது வருடா வருடம் கட்ட வேண்டும். சின்ன ஆபீஸ்களில் கிராக் வெர்ஷன் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன், வைரஸோடு பத்து வருட வேலை முழுவதும் போகலாம். படிக்கும்போது மாணவர் உரிமம் இலவசமாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள், ஆனால் காசு வாங்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆபீஸுக்கு, ஆட்டோகேட் கோப்பைத் திறக்கக்கூடிய பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றில் ஒருமுறை வாங்கும் உரிமம் உண்டு. காசே இல்லை என்றால் பிளெண்டரும் ஃப்ரீகேடும் முழுக்க இலவசம், ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0-க்கு வந்திருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் பல திறந்தமூல மென்பொருள் பாடங்களைத் தமிழில் கேட்கலாம், ஆங்கில வீடியோவைப் பார்த்துப் பாதியில் விட்டவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக, சைட்டுக்குப் போகும் தாள். ஆறு மாதமாக ஒரு வேலை செய்துவருகிறோம். அப்ரூவல் பிளான் எப்போதும்போல ஆங்கிலத்தில், மீட்டரில். சைட்டுக்கு மட்டும் தனியாக ஒரு தாள், அளவு அடியிலும் இன்ச்சிலும், குறிப்பு தமிழில்: கீழ்க்கம்பி, மேல்கம்பி, வளையம் எத்தனை இன்ச்சுக்கு ஒன்று, கவர் எத்தனை. நாகூர்ப் பக்கம் ஒரு வேலையில், கம்பி கட்டும் அண்ணன் அந்தத் தாளை வாங்கி விரலை ஓட்டிப் படித்துவிட்டு, “கவர் ரெண்டு இன்ச்சா சார்? எப்பவும் ஒண்ணுதானே வைப்போம்” என்று கேட்டார். அதுவரை எந்தக் கம்பி கட்டுபவரும் என்னிடம் கவரைப் பற்றிக் கேட்டதில்லை. கடல் கிட்ட இருக்கு அண்ணே, அதனால்தான் என்றேன். அன்றைக்கு மத்தியானமே அவர் தன் பையனை அனுப்பி, இரண்டு இன்ச் கவர் பிளாக் வார்க்க அச்சு வாங்கிவரச் சொன்னார்.